பின்சுவரில் ஒரு குரல்

காலைக் காட்சி பதினொன்றரைக்கு. ஜோதிலட்சுமி ஒன்பது மணிக்கே தியேட்டர் வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

அரசு சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து சிதம்பரத்தில் இறங்கி, நடந்தே தியேட்டருக்கு வந்தான். தூரத்திலேயே அண்ணி தெரிந்தாள். சுவரொட்டியின் நிழலில் ஒதுங்கி நின்றிருந்தாள். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை.

"வந்துட்டியா," என்றாள். அவன் வருவான் என்று தெரிந்தவள் மாதிரி.

"நைனா போன் பண்ணாரு."

"பைத்தியம் புடிச்சிருச்சின்னு சொல்லியிருப்பாரே?"

"அப்புடில்லாம் சொல்லல அண்ணி."

"பின்ன?"

"வெடிஞ்சா காரியம், மருமவ தெனம் சிதம்பரம் போயி சினிமா பாத்துக்கிட்டு இருக்குறா, வந்து இஸ்துக்கிட்டுப் போன்னாரு."

ஜோதி சிரித்தாள். "இஸ்துக்கிட்டுப் போறதுக்கு நா என்னா வலையா?"

காரியம் ஜெயசீலனுக்கு. அரசுவின் அண்ணன், ஜோதியின் கணவன். சுனாமிக்குப் பிறகு கிடைத்த ஃபைபர் படகில், 2005 ஐப்பசியில், தேவனாம்பட்டினத்திலிருந்து மூன்று பேர் கடலுக்குப் போனார்கள். ஆளும் திரும்பவில்லை, படகும் திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. மற்ற இரண்டு வீட்டிலும் அந்த வருஷமே அழுது முடித்தார்கள். ஜோதி மட்டும் மாட்டேன் என்றாள். தாலியைக் கழற்றவில்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவி மகளை வளர்த்தாள்.

ஏழு வருஷம் கழித்து, போன வாரம், யாரும் கேட்காமலேயே அவளாக மாமனாரிடம் போய்ச் சொன்னாள். "செஞ்சிடுங்க மாமா."

மகள் மோனிகா ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "எங்க அப்பா இருக்காரா, இல்லியா? ஏதாவது ஒண்ணு சொல்லும்மா." அதற்குமேல் ஜோதியால் தாங்க முடியவில்லை.

உடல் கிடைக்காதவனுக்குத் தர்ப்பையில் உருவம் கட்டி எரிப்பார்கள். ஜெயசீலனுக்கு மகன் இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் தம்பி.

காரியத்துக்கு முன்னால் தம்பியின் படத்தைப் பார்த்துவிடலாம் என்று சொன்னதும் ஜோதிதான். பத்து வருஷமாகச் சென்னையில் யார் யார் படத்துக்கோ சத்தம் சேர்த்தவன் அரசு. அவன் பெயர் திரையில் தனியாக வந்த முதல் படம் இது. ஒலி வடிவமைப்பு என்று அதற்கு மேலே போட்டிருந்தார்கள். கடலூரில் ஒரு தியேட்டரும் எடுக்கவில்லை. சிதம்பரத்தில் ஒன்று எடுத்தது.

மகளோடு வந்து பார்த்தாள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், துறைமுகக் காட்சியில், ஜோதி எழுந்து நின்றாள். பின்பக்கம் திரும்பி, இருட்டைப் பார்த்து, "வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொன்னாள்.

தியேட்டரில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்குப் போய், காரியம் வேண்டாம் என்றாள். மாமனார் குறித்த நாளை மாற்றவில்லை.

இப்போது டிக்கெட் கொடுப்பவர் கதவைத் திறந்து வெளியே வந்தார். ஜோதியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாம்மா. நீ ஒருத்திதான் இந்தப் படத்துக்கு ரசிகர் மன்றம். வெள்ளிக்கிழம எடுக்கறாங்க. இன்னும் ரெண்டு நாளு ஓட்டிக்க."

ஜோதி அவரைக் கவனிக்கவில்லை. அரசுவைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டு போனாள்.

"மொத நாளு உங்கண்ணன் பின்னாடி உக்காந்திருக்காருன்னுதான் நெனச்சேன். முதுவுக்குப் பின்னாலேருந்து கூப்புட்டாரு. மறுநாளும் வந்தேன். அதே எடத்துல கூப்புட்டாரு. அப்பதான் புரிஞ்சிது, ஆளு இங்க இல்ல, படத்துல இருக்காருன்னு. நா ஒண்ணும் பைத்தியம் இல்ல அரசு."

"தெரியும் அண்ணி."

"'ஏ ஜோதி, கூடய எடுத்தா'ன்னு கூப்புடறாரு. 'ஏ'ய இழுத்து, 'ஜோதி'ய வெடுக்குனு விடுவாரே, அதே மாரி. ஒலகத்துல வேற எவன் என்னைய அப்புடிக் கூப்புடுவான்?"

அரசு தோளில் லேப்டாப் பையை மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அது எந்த ஊரு துறைமுகம்?"

"கொல்லம்."

"கேரளா." அவள் தலையாட்டினாள். ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டது போல இருந்தது முகம். "நம்ம சனங்க நெறைய பேரு அங்க போட்டுல வேல செய்யறாங்க. தலைல அடி கிடி பட்டு, பேரு ஊரு மறந்து, எவனாவது கரையேத்தியிருப்பான். எம் பேரு மட்டும் மறக்கல, பாத்தியா? அப்பறம் ஆளயும் பாத்துட்டேன். ஐஸ் பொட்டிக்குப் பக்கத்துல, நீலக் கைலி. முதுவுதான் தெரியிது. ஏழு வருஷத்துல கொஞ்சம் கூன் விழுந்திருக்கு."

பையை லேசாகத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு ஜோடி ஆண் செருப்பு. படகில் ஏறுவதற்கு முன்னால் ஜெயசீலன் கரையில் கழற்றி விட்டுப் போனது. துடைத்து வைத்திருந்தாள்.

"கூட்டியாரும்போது காலு வெறுங்காலா இருக்கக் கூடாது," என்றாள்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பது அரசுவுக்குத் தெரியும். உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

2004 ஆவணியில் மணவாளன் சார் அவனைத் துறைமுகச் சத்தங்கள் பிடித்து வரச் சொன்னார். அப்போது அரசு, ஒலிப்பதிவாளரான அவரிடம் உதவியாளன். கையளவு ரெக்கார்டர், ஒரு சின்ன டிஸ்க், ஒரு மைக். நேராகக் கடலூர் முதுநகருக்கு வந்தான். விடியற்காலை, படகுகள் திரும்பும் நேரம். ஜெயசீலன் படகிலிருந்தே கத்தினான். "டேய், மீனுகிட்ட பேட்டி எடுக்கறியா? சங்கராகிட்ட கேளு, நல்லாப் பேசும்." பிறகு ஏலக்கூடத்துப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டான். அவள் தூணோரமாக நின்று பதில் சொன்னாள். மைக் எல்லாவற்றையும் கேட்டது.

சென்னைக்குப் போய்க் கம்ப்யூட்டரில் ஏற்றினான். இடம் போதாத காலம். தலையையும் வாலையும் வெட்டு, வேண்டியதை மட்டும் வை என்பார் மணவாளன் சார். ஒரு ஆண் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது எந்தத் துறைமுகக் காட்சிக்கும் உதவும். பதிலும் சேர்ந்து வந்தால் அது இரண்டு பேருடைய கதையாகிவிடும். படம் பார்ப்பவன் கதாநாயகனை விட்டுவிட்டு அந்த இரண்டு பேரைத் தேடுவான். அரசு பதிலை வெட்டினான். அதே டிஸ்க்கை அழித்து, அடுத்த வாரம் அதில் வேறு ஒரு படத்துக்காகத் தேர்த் திருவிழாக் கூட்டத்தைப் பிடித்தார்கள்.

அண்ணன் போன பிறகு, அந்தத் துண்டை அவன் எந்தப் படத்துக்கும் கொடுக்கவில்லை. சொந்தப் பெயர் போடுகிற படம் வரட்டும் என்று வைத்திருந்தான். வந்தது. கொல்லத்துத் துறைமுகக் காட்சியில், கூட்டத்தின் இரைச்சலுக்கு அடியில், பின்சுவர் ஸ்பீக்கரில், அண்ணனை வைத்தான். தெரிந்தவன் தேடினால் மட்டும் கேட்கிற அளவுக்கு.

டைரக்டருக்கு மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது. "யாருய்யா ஜோதி?"

"கூட்டத்துல ஒரு ஆளு கூப்புடறான் சார்."

"சரி, கூப்புடட்டும்."

சென்னையில் எந்தத் தியேட்டரிலும் யாருக்கும் கேட்கவில்லை. அரசுவுக்கே கேட்கவில்லை.

"அண்ணி, இங்கேயே இருங்க. நா மேல போயிட்டு வந்துடறேன்."

ஆபரேட்டர் தட்சிணாமூர்த்தி கேபினில் லுங்கியோடு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

"யாருங்க?"

"இந்தப் படத்துக்கு சவுண்டு நான்தாங்க."

"மியூசிக்கா?"

"இல்லிங்க. சத்தம். மழ, காத்து, வண்டி, நடக்கறது..."

"அட, உக்காருங்க. உங்க ஆளுங்க யாரும் இந்தப் படி ஏறினதில்ல. ஹீரோ ஆளுங்கதான் வருவானுங்க, வால்யூம ஏத்துன்னு."

"பின்னாடி ஸ்பீக்கர் ஜாஸ்தியா கேக்குதாமே?"

தட்சிணாமூர்த்தி கையை உதறினார். "என்னா பண்ணச் சொல்றீங்க? முன்னாடிக்கு இருந்த ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு மழைல புட்டுக்கிச்சி. மொதலாளி பாக்கலாம் பாக்கலாம்னு இருக்காரு. வசனம் விழலன்னு சனங்க கத்துனாங்க. மொத்த வால்யூமயும் தூக்கி வெச்சிட்டேன். முன்னாடி சரியாயிடுச்சி. பின்னாடி எகிறிடுச்சி."

அவ்வளவுதான் விஷயம். மழையில் நனைந்த ஓர் ஆம்ப்ளிஃபயர். அது நல்லபடியாக இருந்திருந்தால் அண்ணி படத்தைப் பார்த்துவிட்டு, "உம் பேரு வந்துச்சிப்பா" என்று போன் செய்திருப்பாள். நாளை காரியம் நடந்திருக்கும்.

கீழே போய் அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் அண்ணனைத் திரும்பவும் கொல்ல வேண்டும், அவள் முகத்துக்கு நேராக. அதைத் தவிர்க்க ஒரு வழி அவனுக்குத் தோன்றியது. தொழில் தெரிந்தவனுக்குத் தோன்றுகிற வழி: குரல் வராவிட்டால், பிரமை என்று அவளே விட்டுவிடுவாள்.

"ஒரு உதவிங்க. இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் பின்னாடிய நிறுத்திடுங்க."

"நிறுத்தவா? அது உங்க வேலதானுங்களே?"

"ஆமாம்."

"பாதி போயிடுமே."

"போவட்டும்."

படம் ஆரம்பித்தது. தியேட்டரில் ஒரு கை விரல்களில் அடங்குகிற கூட்டம். ஒருவர் முன்வரிசையில் காலை நீட்டித் தூங்கினார்.

அரசு அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது. மழை திரையில் மட்டும் பெய்தது. அவன் தலைக்கு மேல் பெய்ய வைத்த மழை இல்லை. முதுகுக்குப் பின்னால் வந்து ஓய்ந்த லாரி இல்லை. ஒரு வருஷ வேலை சுவரில் ஒட்டிய படமாகத் தட்டையாக நின்றது. யாரும் எழுந்து கேட்கவில்லை. யாருக்கும் எதுவும் குறையவில்லை.

இந்தப் படத்துக்குப் பிறகு அவனை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடவும் மாட்டார்கள். அது அவனுக்கு வருத்தம்தான். ஆனால் இப்போதுதான் காரணம் புரிந்தது.

துறைமுகம் வந்தது. ஜோதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கதாநாயகன் படகிலிருந்து குதித்தான். ஐஸ் பெட்டிகள். நீலக் கைலி ஒரு கணம் வந்து போனது. "தோ, தோ," என்று அரசுவின் கையைப் பிடித்தாள். பிறகு பிடியை விட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். பதில் சொல்லத் தயாராக உதடு பிரிந்தது.

குரல் வரவில்லை.

கதாநாயகன் வில்லனிடம் பேசினான். காட்சி மாறியது. அவள் உதடு அப்படியே இருந்தது. மெல்லத் திரும்பிப் பின்சுவரைப் பார்த்தாள். அங்கே ஸ்பீக்கர் பெட்டி இருட்டில் தொங்கியது. பிறகு அரசுவைப் பார்த்தாள்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

வெளியே வெயில். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அரசு வந்து நின்றான்.

"நீ மேல போன," என்றாள். "எறங்கி வந்த. அவுரு கூப்புடல."

"அண்ணி..."

"எங்க கொண்டு போன அவர?"

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அது அண்ணன் கொரலுதான். ஆனா கொல்லத்துல புடிச்சது இல்ல. நாந்தான் புடிச்சேன். முதுநகர்ல. சுனாமிக்கு முன்னாடி, ஒரு தடவ மைக்கு எடுத்துக்கிட்டு வந்தேனே."

அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"படம் எடுக்கும்போது சத்தம் எடுக்க மாட்டோம் அண்ணி. எடுத்தாலும் தூக்கிப் போட்டுடுவோம். எல்லாம் பின்னாடி சென்னைல உக்காந்து சேக்கறதுதான்."

"அந்த போட்டு எஞ்சினு?"

"அதுவும் முதுநகர்தான்."

"காக்கா கத்துச்சே?"

"எங்க ஸ்டூடியோ மொட்ட மாடில."

"அந்தப் பொண்ணு கொலுசு போட்டுக்கிட்டு நடக்குதே?"

"அது கொளஞ்சியப்பன்னு ஒருத்தரு. படத்தப் பாத்துக்கிட்டே அவுருதான் நடப்பாரு. அம்பது வயசு."

"அம்பது வயசு ஆம்பளயா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்யே. கொலுசு போட்டுக்கிட்டா?"

"கையில புடிச்சிக்கிட்டு."

சிரித்தாள். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றதும் முகம் காலியாக இருந்தது.

"அப்ப எல்லாமே பொய்யி. அவுரு மட்டும் நெசம்."

"அவுரு நெசம். ஆனா இப்ப இல்ல அண்ணி. அது எட்டு வருஷத்துக்கு முன்னாடி."

"அத எடுத்துக்கிட்டுப் போயி ஏன் அங்க வெச்ச?"

"எங்கயாவது இருக்கட்டுமேன்னுதான்."

ஜோதி ரோட்டைப் பார்த்தாள். கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் வேனிலிருந்து இறங்கி வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வெடிஞ்சா காரியம்," என்றாள். "அத நடத்தணும்னு நீயும் மாமாவும் பேசி வெச்சிக்கிட்டு சொல்றியா?"

"சத்தியமா இல்ல."

"அப்ப நீ புடிச்சத நா கேக்கணும்."

அரசு தோளில் இருந்த லேப்டாப் பையைத் தொட்டான்.

"இங்க வேணாம்," என்றாள். "வீட்டுக்குப் போவலாம். மாமாவும் கேக்கட்டும். அவுருதான எரிக்கணுங்கறாரு."

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள், மடியில் பை. பஸ்ஸில் பாட்டு அலறியது. போன வருஷப் புயல் சாய்த்த மரங்களின் வேர்கள் இன்னும் வழியோரத்தில் மண்ணைப் பிடித்தபடி கிடந்தன.

பாதி வழியில்தான் அரசுவுக்கு உறைத்தது. லேப்டாப்பில் இருப்பது வெட்டிய துண்டு. படத்தில் இருப்பதும் அதே துண்டு. இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. எட்டு வருஷத்துக்கு முந்தையது என்று அதில் எங்கேயும் எழுதியிருக்காது. கம்ப்யூட்டர் மாறி மாறி வந்ததில் ஃபைலின் தேதிகூடப் போன வருஷத்துத் தேதிதான்.

சிப்காட் கம்பெனிகளின் ரசாயன வாடை பஸ்ஸுக்குள் ஏறியது. ஜோதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"நாளைலேருந்து வேலைக்கி வரலன்னா ஆள மாத்திடுவேன்னு சொல்லிட்டான் சூப்பர்வைசரு," என்றாள் துணிக்குள்ளிருந்து. "மாத்திக்கட்டும்."

தேவனாம்பட்டினத்தில் வீட்டு வாசலில் நாலு மூங்கில் நட்டு ஓலைப் பந்தல் போட்டிருந்தது. அரசுவின் அப்பா காசிநாதன் முன்னறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தர்ப்பையைக் கட்டிக்கொண்டிருந்தார். இந்த வேலைக்கு வேறு ஆள் உண்டு. எம் மவனுக்கு நானே கட்டறேன் என்று அனுப்பிவிட்டாராம். கை இரண்டும் முடிந்திருந்தன, கால் ஒன்று பாக்கி. இருமிக்கொண்டே கட்டினார். வலை முடிச்சு மாதிரி ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துக்கொண்டார். மோனிகா மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா," என்றார். "ஆமா, அவன் ஒசரம் எம்மாம் இருக்கும்? எனக்கு மறந்துபோச்சி."

"உங்கள விட ஒரு சாண் ஜாஸ்தி மாமா," என்றாள் ஜோதி, யோசிக்காமல்.

காசிநாதன் தலையாட்டி, காலுக்கு ஒரு பிடி தர்ப்பையை எடுத்தார்.

"அது அப்பறம் ஆவட்டும். மொதல்ல இதக் கேளுங்க. அரசு, போடு."

"என்னாத்த?"

"உங்க மவன் கொரல."

காசிநாதன் மகனைப் பார்த்தார். அவன் தொழில் என்ன என்பது அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாட்டுப் போடறவனா என்று கேட்டார், இல்லை என்றான். வசனமா என்றார், அதுவும் இல்லை என்றான். பின்ன என்னாத்துக்குடா உம் பேரு போடறான் என்று கேட்டதோடு விட்டுவிட்டார்.

அரசு தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். "நைனா, இது சுனாமிக்கு முன்னாடி முதுநகர்ல புடிச்சது. அத மனசுல வெச்சிக்கிட்டுக் கேளுங்க."

தட்டினான்.

எஞ்சின் தணிகிற சத்தம். தண்ணீர் மரத்தில் மோதியது. பிறகு அறைக்குள், கூரைக்குக் கீழே, எல்லாருக்கும் நடுவில், ஜெயசீலன்.

"ஏ... ஜோதி! கூடய எடுத்தா!"

அத்தோடு அறுந்தது.

மோனிகா பென்சிலை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "இதா அப்பா?"

காசிநாதனின் விரல்கள் தர்ப்பைக்குள் நின்றுவிட்டன.

"இன்னொரு வாட்டி போடு," என்றார்.

போட்டான்.

"இன்னொரு வாட்டி."

போட்டான். காசிநாதன் இந்த முறை வாசலைப் பார்த்தார். பந்தலுக்கு அப்பால், மணல் மேட்டுக்கு அப்பால், கடல் இரைந்துகொண்டிருந்தது. பிறகு குனிந்து, மடியில் கிடந்த உருவத்தைத் திருப்பி, கடைசியாகப் போட்ட முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்க்க ஆரம்பித்தார்.

"நைனா, என்னா பண்றீங்க?"

"கூப்புடறான்டா."

"அது பழசு நைனா! எட்டு வருஷம் ஆச்சி!"

"தெரியிது, தெரியிது," என்றார் கிழவர். கை நிற்கவில்லை. "கூப்புடறவன எப்புடிடா எரிக்கறது?"

ஒரு கால் பிரிந்து தரையில் புல்லாக உதிர்ந்தது.

இத்தனை நேரம் ஜோதி நின்றுகொண்டே இருந்தாள். அவள் அழவில்லை. ஒவ்வொரு முறையும் குரல் முடிந்த பிறகு வருகிற மௌனத்தைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அரசுவுக்கு அது தெரிந்தது. அவள் நின்ற விதம் அப்படி. மணவாளன் சார் அப்படித்தான் நிற்பார், ஒரு சத்தம் எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்று தேடும்போது.

"முடிஞ்சிதா?" என்றாள்.

"அவ்ளோதான் அண்ணி."

"இதத்தான் தியேட்டர்லயும் கேட்டேன். படத்துலேருந்து எடுத்துக்கிட்டு வந்து போடற."

"இல்ல அண்ணி. இதுலேருந்துதான் படத்துக்குப் போச்சி."

"மிச்சம்?"

"வெட்டிட்டேன்."

"அன்னிக்கிப் புடிச்ச மிசின்ல இருக்குமே?"

"அதுலயும் இல்ல. அழிச்சி வேற புடிச்சிட்டாங்க."

"நா அன்னிக்கி அங்க இருந்தனா?"

"இருந்தீங்க. ஏலக்கூடத்துத் தூணுகிட்ட நின்னீங்க. 'வரேன் வரேன், ஊருக்கே கேக்குது'ன்னு சொன்னீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"அத நா தெனந்தெனம் சொன்னேன். தெருவுல எல்லாருக்கும் தெரியும். இவகூட சொல்லிக் காட்டுவா." மோனிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜோதி சுவரோரம் வைத்திருந்த பையை எடுத்தாள். உள்ளே செருப்பு இருக்கிறதா என்று வெளியிலிருந்தே தடவிப் பார்த்துக்கொண்டாள். வாசல்படி வரை போய்த் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"அவுரு கூப்புட்டு நா பதில் சொல்லாத நாளுன்னு ஒண்ணு கெடையாது, அரசு. இது அந்த நாளுதான்னா, நா சொன்ன பதிலு எங்க?"